மங்காமல் அணைந்த விளக்கு

காலை பத்து நாற்பதுக்கு நெட்டுக்குப்பம் கிளினிக்கில் ஆக்சிஜன் மிஷின் நின்றது. மகேஸ்வரி என்ற பன்னிரண்டு வயதுப் பெண் அப்போது அதன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். வெளியே நல்ல வெயில். கூரையில் நாங்கள் போட்ட எட்டு சோலார் பேனல்கள். பக்கத்து அறையில் நாங்கள் வைத்த புது லித்தியம் பேட்டரி. எல்லாம் இருந்தது, மின்சாரம் மட்டும் இல்லை.

இந்த மாதத்தோடு நான் வேலையை விடுகிறேன். எங்கள் விம்கோ நகர் சோலார் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். சோலாருக்கு லெட் ஆசிட் பேட்டரி நல்லதா, லித்தியம் நல்லதா? கேட்லாக்கைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன். உங்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். அந்தக் கேள்வியை என்னால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். எழுதினால் சொல்ல முடியும் என்று நினைத்து எழுதுகிறேன்.

கேட்லாக்கில் இருப்பதெல்லாம் உண்மை. லெட் ஆசிட் கனம், இடம் அடைக்கும், சூடு தாங்காது, பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும், மாதா மாதம் தண்ணீர் ஊற்ற வேண்டும். எர்ணாவூரில் ஒரு கடைக்காரர் டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோனதென்று கேன் தண்ணீரை ஊற்றி மொத்த பேட்டரியையும் ஒரே கோடையில் சாகடித்தார். கேட்டதற்கு, "நாங்க குடிக்கிற தண்ணிதான்மா, அதுக்கு இன்னா அவ்ளோ பவுசு?" என்றார். லித்தியத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சின்னது, தண்ணீர் கேட்காது, பல வருஷம் உழைக்கும். அப்போது இங்கே அதைப் பார்த்தவர்களே குறைவு. நாங்கள் வாங்கியது சீனாவிலிருந்து துறைமுகத்துக்குக் கப்பலில் வந்தது.

நெட்டுக்குப்பம் கிளினிக்குக்கு அதை வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது முதலாளி தயங்கினார். பழக்கமில்லாத சரக்கு, ரிப்பேர் வந்தால் யார் பார்ப்பது என்றார். வேண்டும் என்று பேசியவள் நான். காரணம் கேட்லாக் அல்ல. அங்கே பழைய லெட் ஆசிட் பேட்டரிகள் சிகிச்சை அறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தன. மத்தியானத்தில் நன்றாகச் சார்ஜ் ஏறும்போது ஆசிட் வாடை கதவிடுக்கு வழியே உள்ளே வரும். அங்கே வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இளைப்புக்கு வருகிறவர்கள். ஒரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கி, ஒரு பக்கம் அதன் சாம்பல் குட்டை, நடுவில் குடியிருந்தால் வேறென்ன வரும்? நர்ஸ் அமுதா சிஸ்டர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "மேடம், மூச்சு விட முடியலன்னு வர்ற புள்ளைங்களுக்கு நீங்க ஆசிட்ட மோந்து பாக்கக் குடுக்கறீங்க."

எனக்கும் ஒரு மகள். மகேஸ்வரியை விட ஒரு வயது சின்னவள். வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் அவள் இரண்டு முறை சேர்ந்தாற்போல் இருமினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். சிஸ்டர் சொன்னது எனக்கு உறைத்தது. அறையை மாற்ற அங்கே இடமில்லை. பேட்டரியை மாற்றினோம். பழையவற்றைப் பழைய இரும்புக் கடை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. வாடை நின்றது. மகேஸ்வரியின் அம்மா கனகு எனக்கு ஒரு பை நிறையக் கருவாடு கட்டிக் கொடுத்தாள்.

ஒன்றை இங்கே விளங்கிக்கொள்ளுங்கள். கேட்லாக்கில் இது இருக்காது. கிளினிக் வாசலுக்கு மேலே பேட்டரியிலிருந்து நேராக எரியும் ஒரு மஞ்சள் பல்பு உண்டு. லெட் ஆசிட் இருந்த வருஷங்களில் சிஸ்டர் வேறெந்த மீட்டரையும் பார்த்ததில்லை. பல்பு மங்கினால் ஃபேனை நிறுத்துவார், மருந்து ஃபிரிட்ஜை நிறுத்துவார், மிச்சத்தை ஆக்சிஜன் மிஷினுக்கு வைத்துக்கொள்வார். ஒரு மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். அவர் மட்டுமல்ல, குப்பத்தில் எல்லோரும் அப்படித்தான். படகில் பேட்டரி விளக்கின் வெளிச்சம் செத்துப்போக ஆரம்பித்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்புவார்கள். விளக்கு மங்குவதுதான் அவர்களுக்குக் கணக்கு. அது சரியான கணக்கும்தான். லெட் ஆசிட் அப்படித்தான் தீரும், இறங்கி இறங்கி, முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தீரும்.

லித்தியம் சொல்லாது. கடைசிவரை ஒரே வெளிச்சம். அடிமட்டத்தைத் தொட்டதும் உள்ளேயிருக்கும் பாதுகாப்பு போர்டு பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகச் சட்டென்று துண்டித்துவிடும். அது பேட்டரியைத்தான் காப்பாற்றும். இது எங்களுக்குத் தெரியும். அதற்காகவே ஐந்து பச்சைப் புள்ளிகள் உள்ள ஒரு மீட்டரைச் சுவரில் மாட்டினோம். ஒவ்வொரு புள்ளியாக அணையும் என்று சிஸ்டருக்கு விளக்கினோம். அவரும் திருப்பிச் சொல்லிக் காட்டினார். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, கண் போய் நிற்கும் இடம் வேறு. மிஷின் நின்ற அந்த வாரம் இரண்டு நாள் விடாத மழை, பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. மூன்றாம் நாள் காலையில் வெயில் அடித்தது, மின்வெட்டும் வந்தது. மகேஸ்வரியைத் தூக்கிக்கொண்டு கனகு ஓடி வந்தாள். சிஸ்டர் குழாயை மாட்டிவிட்டு நிமிர்ந்து வாசல் பல்பைப் பார்த்தார். பிரகாசமாக எரிந்தது. ஃபேன் ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

அவர் எனக்குப் போன் செய்தபோது பின்னால் அந்தப் பெண்ணின் மூச்சு கேட்டது. விசிலடிப்பதுபோல் இருந்தது.

"மேடம், அல்லாம் ஆஃப் ஆயிடுச்சு. லைட்டு நல்லா எரிஞ்சிகினு இருந்துச்சு, திடீர்னு போச்சு. சிலிண்டர் ரொப்பறதுக்குப் போயிருக்கு, இன்னும் வரல. ஊசி போட்டுட்டேன், பஃப் குடுத்துட்டேன், தாங்கல. எவ்ளோ நேரத்துல கரண்டு வரும்? வெச்சிருக்கவா, அனுப்பிடவா?"

நீங்கள் இந்தத் தொழிலில் இருந்தால் இந்தக் கேள்வி ஒருநாள் உங்களுக்கும் வரும். எவ்வளவு நேரத்தில்? எதிரில் இருப்பவர் ஒரு உயிரை உங்கள் வாயிலிருந்து வரும் எண்ணில் வைக்கப்போகிறார். எனக்கு அந்த நிமிஷத்தில் என்ன கோளாறு என்றே தெரியாது. இன்வெர்ட்டர் எரிந்திருக்கலாம், ஒயர் போயிருக்கலாம், பேட்டரியே போயிருக்கலாம். தெரியாதபோது நேரம் சொல்லாதே என்பதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதன்படியே சொன்னேன்.

"எனக்குத் தெரியல சிஸ்டர். வெச்சிருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க."

அது சரியான பதில். எத்தனை முறை யோசித்தாலும் அதுதான் சரியான பதில்.

தாவூது என் கூட வேலை பார்க்கும் ஒயர்மேன், தண்டையார்பேட்டைக்காரர். அவருடைய பைக்கில் டூல் பையோடு ஏறினேன். எண்ணூர் சாலையைத் தொட்டதும் அவர் பிரேக் போட்டார்.

"போச்சுக்கா. இன்னா பேஜாரு பாரு."

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தன. எதிர்ப்பக்கத்திலும் டிரெய்லர்கள். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். எப்போது நகரும் என்று தெரிந்தவர்கள் அப்படிச் சமைக்க மாட்டார்கள். பைக் போக இடமிருந்தது. ஆட்டோ போக இடமில்லை.

சிஸ்டருக்குப் போன் செய்தேன். "ஆட்டோ கெளம்பிடுச்சு மேடம். கனகுவும் கூடப் போயிருக்கா."

திரும்பி வரச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எதற்குத் திரும்பி வருவது? அங்கேயும் நின்றுபோன மிஷின்தானே இருக்கிறது? போகட்டும், வழி கிடைத்தாலும் கிடைக்கும் என்று விட்டேன். தாவூது டிரெய்லர்களுக்கு நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டே கத்தினார்: "ஆட்டோ எதிர்லதான வரும்? நீ அந்தாண்ட பாத்துகினே வா!"

பார்த்தேன். சக்கரங்கள்தான் தெரிந்தன. ஆள் உயரச் சக்கரங்களும் அவற்றின் இடுக்கில் கொஞ்சம் வெளிச்சமும். இடையிடையே மஞ்சளாக எதையாவது பார்த்து, "நிறுத்து, நிறுத்து" என்பேன். பழ வண்டியாக இருக்கும், தார்ப்பாயாக இருக்கும். அந்த ஆட்டோவை நாங்கள் தாண்டித்தான் போயிருக்கிறோம். சாலை ஒன்றுதான். பார்க்கவில்லை.

கிளினிக்கில் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. எதுவும் எரியவில்லை, எதுவும் கெடவில்லை. பேட்டரி தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருந்தது. பேட்டரியின் வோல்டேஜ் கொஞ்சமாவது வந்தால்தான், பேனல் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றும் சோலார் கன்ட்ரோலர் கண் விழிக்கும். கன்ட்ரோலர் விழித்துச் சார்ஜ் கொடுத்தால்தான் பேட்டரி பூட்டைத் திறக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு சும்மா இருந்தன. கூரையில் வெயில் வீணாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு சாதாரண பேட்டரியைக் கொண்டுவந்து கன்ட்ரோலரில் தொட்டால் போதும். ஆனால் பழையவைதான் இரும்புக் கடைக்குப் போய்விட்டனவே.

"போட்டு பேட்டரி கீதுக்கா, ரெண்ட சேத்துப் போட்டா வேல ஆயிடும்" என்று தாவூது படகுகள் நின்ற கரைக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். முகத்துவாரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் மூச்சிரைக்கக் கேட்டோம். ஒருவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே படகில் இறங்கி பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, எதிர்ல பாரு, ஊருக்கே கரண்டு குடுக்கற சிம்னி. நம்ம வூட்டுல கரண்டு இல்ல. சூரியன்ல கரண்டு எடுக்கறேன்னு நீ வந்த. இப்ப எங்க போட்டு பேட்டரிய கேக்கறியே. இன்னா படிச்சிட்டு வந்தீங்க நீங்கல்லாம்?"

"யோவ், அப்பால பேசு. ஏயுமல பொண்ணுய்யா" என்றார் படகில் இருந்தவர்.

அவ்வளவுதான். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினார். ஏழுமலை, மகேஸ்வரியின் அப்பா. விடிவதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார். அங்கே போன் எட்டாது.

இரண்டு படகு பேட்டரிகளைத் தொடராக இணைத்து, தாவூது ஒயரைப் பிடிக்க, நான் கன்ட்ரோலரில் முடுக்கினேன். கன்ட்ரோலரில் விளக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே டக்கென்று ஒரு சத்தம், லித்தியம் திறந்துகொண்டது. இன்வெர்ட்டர் எழுந்தது. அடுத்த அறையில் ஆக்சிஜன் மிஷின் பீப் என்று கத்திவிட்டு ஓட ஆரம்பித்தது. நாங்கள் வந்ததிலிருந்து அதிக நேரம் ஆகவில்லை. வெளியே நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிஸ்டர் அதற்குள் ஆட்டோக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"திரும்பி வந்துருப்பா, மிஷின் ஓடுது!"

"எங்க சிஸ்டர் திரும்பறது? முன்னாடியும் டிரெய்லரு, பின்னாடியும் டிரெய்லரு. சைடுல பள்ளம். ஆட்டோவ தூக்கிகினா வர முடியும்? பாப்பாவுக்கு ஒதடெல்லாம் நீலமா கீது சிஸ்டர், இன்னா பண்றதுன்னு சொல்லு!"

தாவூது பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். "நான் போய் இட்டாறேன்க்கா. நீ மிஷின பாத்துக்க, நிக்க வுடாத."

இதுவும் சரியான முடிவுதான். பைக்குக்கு வழியிருக்கிறது, பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு வரலாம், இங்கே ஆக்சிஜன் தயாராக இருக்கிறது. ஃபேனை நிறுத்தினேன், ஃபிரிட்ஜை நிறுத்தினேன், வாசல் பல்பைக்கூடக் கழற்றினேன். அவளுக்காக ஒவ்வொரு துளியையும் மிச்சம் பிடித்தேன். சிஸ்டர் கட்டிலில் விரிப்பைச் சரிசெய்து, குழாயைத் தலையணையின் மேல் வைத்தார். அதிலிருந்து காற்று வரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு பாடத்தை எதிர்பார்ப்பீர்கள். நானும் இரண்டு வருஷமாகத் தேடுகிறேன். அன்று வைத்திருங்கள் என்று சொல்லியிருந்தால் அவள் அந்தக் கட்டிலிலேயே இருந்திருப்பாள், நாங்கள் போய் மிஷினை எழுப்பியிருப்போம். ஆனால் ஒயரிங் எரிந்திருந்தால்? அப்போது வைத்திருங்கள் என்று சொன்னவள்தானே கொலைகாரி? லெட் ஆசிட்டையே விட்டுவைத்திருந்தால் பல்பு மங்கியிருக்கும், சிஸ்டர் உஷாராகியிருப்பார். ஆனால் அந்த வாடையில் அந்தப் பெண் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்திருப்பாளா? தெரியாது. நடந்ததற்குப் பிறகு அங்கே எதை வைப்பது என்று கூட்டம் போட்டார்கள். லெட் ஆசிட்டுக்கே திரும்புவோம் என்றார்கள் சிலர். லித்தியத்தோடு, தீர்வதற்கு முன்பே கத்துகிற அலாரம் வைப்போம் என்றார்கள் சிலர். என்னைக் கேட்டார்கள். நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கடைசியில் லித்தியமும் அலாரமும் வைத்தார்கள். நன்றாக வேலை செய்கிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

உங்களுக்கு உபயோகப்படும் என்றால் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்டரியைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு நேரம் ஓடும் என்று எல்லோரும் கேட்பார்கள். அது எப்படி நிற்கும், நிற்கப்போகிறது என்பதை அந்த வீட்டு மனிதர்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள், நின்றதை எழுப்ப அங்கே என்ன இருக்கிறது என்று நீங்கள் கேளுங்கள். கேட்டாலும் ஒருநாள் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். இப்போதெல்லாம் என் மகள் டியூஷனிலிருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனால், நான் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடுகிறேன். அவள் வெட்கப்படுகிறாள். "ஏம்மா மானத்த வாங்கற?" என்கிறாள். அவளுக்கு நான் இதைச் சொன்னதில்லை.

தாவூதின் போன் வந்தபோது நான் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன். லாரி ஹாரன்களும், அதற்கு நடுவே ஒரு பெண்ணின் குரலும் கேட்டன. கனகுவின் குரல் என்று எனக்குத் தெரிந்தது.

"தாவூது, எங்க இருக்கீங்க? ஏத்திட்டீங்களா?"

"அக்கா..." என்றார். பிறகு, "மிஷின ஆஃப் பண்ணிடுக்கா" என்றார்.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து சுவிட்சுக்குப் போனேன். என்னால் அதைத் தொட முடியவில்லை. இரண்டு முறை கையைக் கொண்டுபோனேன். ஓடட்டும் என்று விட்டுவிட்டு வெளியே வந்தேன். விஷயம் அதற்குள் குப்பத்துக்குத் தெரிந்துவிட்டது. பெண்கள் வாசலில் கூடினார்கள். பேட்டரி சுமந்து வந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். தாவூதும் கனகுவும் பிள்ளையோடு இன்னும் வழியில்தான் இருந்தார்கள். சாலை இன்னும் திறக்கவில்லை.

அவர்களுக்கு முன்னால் வந்தவர் ஏழுமலை. படகைக் கரையில் ஏற்றியதும், உன் பொண்ணு மறுபடியும் கிளினிக்கில் என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை போலிருக்கிறது. ஈர லுங்கியோடு, கையெல்லாம் மீன் செதிலோடு வேகமாக நடந்து வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் கீழே பார்த்தோம். அப்போது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மிஷினு ஓடிகினுதான கீது? அப்பறம் இன்னாத்துக்கு அல்லாரும் வெளில நிக்கறீங்க?"